பெரியப்பாவின் பீரங்கிகள்

உலகத்திலுள்ள செவிடர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். எதுவுமே காதில் விழாதவர்கள் ஒரு வகை. காசு கேட்டால் மட்டும் காதில் விழாதவர்கள் மற்றொரு வகை. நம் பெரியப்பா இரண்டாவது வகையைச் சேர்ந்தவர் என்றுதான் சிறு வயதில் நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம். மிட்டாய்க்கு ஓரணா கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் திண்ணைத் தூணைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஆனால் பெரியம்மா சமையலறையில் காப்பி கலந்து வைத்தாளோ இல்லையோ, மறு நிமிஷம் அங்கே வந்து நிற்பார். இதைவிட வேறு சாட்சியம் என்ன வேண்டும்? காப்பியை அவர் காதால் அல்ல, மூக்கால் அறிந்தார் என்பது நம் சிறுமூளைக்கு எட்டவில்லை. ஆகவே வீட்டுக் குழந்தைகளெல்லாம் ஒன்றுகூடி, 'டமாரம்' என்று அவருக்குப் பட்டம் சூட்டினோம். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தப் பட்டத்தை உரக்கக் கூவுவது எங்களுக்கு ஒரு பெரிய வீரச் செயல்.

1957 ஆம் வருஷம் நமக்குப் பத்து வயது. 1857 ஆம் வருஷத்துப் புரட்சியின் நூற்றாண்டு என்று பள்ளிக்கூடத்தில் விசேஷக் கூட்டம் நடத்தினார்கள். வெள்ளைக்காரர்கள் சிப்பாய்களைப் பீரங்கியின் வாயில் கட்டிச் சிதறடித்தார்கள் என்று ஆசிரியர் சொன்ன சமாசாரம் நம் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. பெரியம்மாவிடம் போய், பீரங்கி எப்படியிருக்கும் என்று கேட்டோம்.

"என்னைக் கேட்டால் எனக்கு என்னடா தெரியும்? ஐந்து வருஷம் அதோடு குடித்தனம் பண்ணியவர் திண்ணையில் இருக்கிறார். அவரைப் போய்க் கேள்" என்றாள் பெரியம்மா.

அப்போதுதான் பெரியப்பா பட்டாளத்தில் பீரங்கிக்காரராக இருந்தவர் என்பது நமக்குத் தெரிந்தது. 1941 இல் சேர்ந்து, பர்மாவில் யுத்தம் செய்து, 1946 இல் திரும்பியவர். பட்டாளத்துச் சட்டையோ பதக்கமோ வீட்டில் எங்கும் தென்பட்டதில்லை. நாம் சிலேட்டை எடுத்து, "பீரங்கி எப்படி இருக்கும்?" என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினோம். அவர் படித்தார். ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, நம் கையைப் பிடித்துக் கீழவாசலுக்கு அழைத்துச் சென்றார்.

தஞ்சாவூரைப் பார்த்தவர்களுக்குப் பீரங்கி மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாயக்க மன்னர் காலத்துப் பெரும் பீரங்கி ஒன்று அங்கே கிழக்கு நோக்கிப் படுத்துக் கிடக்கிறது. நீளம் ஏறக்குறைய 25 அடி; எடை 20 டன்னுக்கு மேல். அச்சில் வார்த்ததன்று, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக இணைத்தது. அந்தக் காலத்துக் கொல்லர்களின் கைத்திறனை எண்ணி நாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். பெரியப்பாவோ ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதுபோல அதைச் சுற்றி வந்தார்.

"நல்ல பீரங்கிதான், தம்பி. இதற்கு ஒரே ஒரு குறை. எதிரி பெரிய மனசு பண்ணி இதற்கு நேரே வந்து நிற்க வேண்டும்" என்றார்.

பிறகு அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்து அவர் நடத்திய பாடத்தை இன்றைக்கும் நாம் மறக்கவில்லை. பீரங்கி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதில் பல ஜாதிகள் உண்டாம். மாமரத்தில் தொங்கும் காயைக் குறிபார்த்துக் கல்லை நேராக வீசுகிறோம்; அப்படி வேகமாகவும் தாழ்வாகவும் குண்டை அனுப்புவது ஒரு வகை. மாங்காய் அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பால் இருந்தால் கல்லை உயரத் தூக்கிப் போட்டு அந்தப் பக்கம் விழச் செய்கிறோம். அப்படி மலைக்கும் மதிலுக்கும் அப்பால் குண்டை இறக்குவது ஹவிட்சர். முன்னதற்கு நீண்ட குழாய். பின்னதற்குக் குட்டைக் குழாய்.

"எங்களுடையது இரண்டும் சேர்ந்த ஜாதி" என்றார் பெரியப்பா, சிறிது பெருமையுடன்.

அதன் பெயர் 25 ராத்தல் பீரங்கி. பிரிட்டிஷ்காரர்கள் அநேகப் பீரங்கிகளுக்கு அவை வீசும் குண்டின் எடையையே பெயராக வைத்தார்கள். ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காப்பிக் கொட்டையை ராத்தல் கணக்கில் வாங்கிய குடும்பத்துக்கு இது எளிதில் விளங்கியது. முதல் உலக யுத்தத்தில் 18 ராத்தல் பீரங்கியும் நாலரை அங்குல ஹவிட்சரும் செய்த வேலையை 1940 முதல் இது ஒன்றே செய்ய ஆரம்பித்தது. குண்டு 13,400 கஜம், அதாவது ஏழரை மைலுக்கு மேல் போகும். ஒரு பீரங்கிக்கு ஆறு ஆட்கள். குண்டைத் தனியாகவும், வெடிமருந்தைத் தனியாகவும் போட வேண்டும். மருந்துப் பைகள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று வர்ணத்தில் இருக்கும். கிட்டத்தில் சுடுவதற்குச் சிவப்பு மட்டும். இன்னும் தூரத்துக்குச் சிவப்பும் வெள்ளையும். அதற்கும் அப்பால் மூன்றும்.

"வெள்ளைக்காரன் கொடியிலுள்ள வர்ணம் மூன்றும் உள்ளே போனால்தான் குண்டு வெகு தூரம் போகும் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம்" என்று பெரியப்பா சிரித்தார்.

அந்தப் பீரங்கியின் அடியில் வண்டிச் சக்கரம் போன்ற ஒரு வட்டத் தட்டு உண்டு. அதைத் தரையில் இறக்கி, மேலே பீரங்கியை ஏற்றிவிட்டால், ஒரே ஆள் வால் பக்கத்தைத் தள்ளி எந்தத் திசைக்கும் திருப்பலாம். தஞ்சாவூர்ப் பீரங்கிக்கு இல்லாத சாமர்த்தியம் இதுதான் என்றார்.

டாங்கியைத் துளைப்பதற்கு வேறு ஜாதி: முதலில் 2 ராத்தல், பிறகு 6 ராத்தல், கடைசியில் 17 ராத்தல். ஜெர்மானியர்கள் டாங்கியின் கவசத்தைத் தடிப்பாக்க ஆக்க, இவர்கள் குண்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். லிபியாப் பாலைவனத்தில் 2 ராத்தல் குண்டுகள் பயனற்றுப் போன நாட்களில், 25 ராத்தல் பீரங்கியே டாங்கிகளுக்கு எதிரே நின்று நேருக்கு நேர் சுட வேண்டியதாயிற்று. ஆகாய விமானங்களைத் துரத்த, ஸ்வீடன் தேசத்தார் உருவாக்கிய போபர்ஸ் இருந்தது. 40 மில்லிமீட்டர் வாய், நிமிஷத்துக்கு 120 குண்டு. (அதே ஸ்தாபனத்தின் பெயர் முப்பது வருஷம் கழித்து நம் வீட்டுத் திண்ணைகளில் எப்படி அடிபட்டது என்பதை நேயர்கள் அறிவார்கள். 1999 இல் கார்கில் மலையில் முழங்கியதும் அங்கிருந்து வாங்கிய 155 மில்லிமீட்டர் பீரங்கிதான்.) உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு 3.7 அங்குல நீண்ட பீரங்கி. குண்டு 28 ராத்தல். கோட்டைச் சுவரை உடைக்க ஐந்தரை அங்குலம்; குண்டு 100 ராத்தல். 1945 மார்ச் மாதம் மாந்தளைக் கோட்டையின் சுவரை இடித்தது இந்த ஐந்தரை அங்குலம்தான். லோகமான்ய திலகர் 1908 முதல் 1914 வரை சிறையிருந்த ஊர் அது. மிண்டோன் மன்னர் தேக்கு மரத்தால் கட்டிய அரண்மனை அந்தச் சண்டையில் சாம்பலாயிற்று.

"எல்லாவற்றிலும் ரோஷமுள்ளது எது தெரியுமா? மலைப் பீரங்கி" என்றார் பெரியப்பா. அதுவும் 3.7 அங்குலந்தான், ஆனால் குட்டையான ஹவிட்சர். எட்டுப் பாகமாகக் கழற்றி எட்டுக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிவிடலாம். பாதையே இல்லாத மலையுச்சியில் இறக்கிச் சில நிமிஷத்தில் மாட்டி, 20 ராத்தல் குண்டை வீசலாம். 1944 ஏப்ரலில் கோஹிமாவை ஜப்பானியர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு, மேற்கே ஜோட்ஸோமாவில் நின்ற இந்திய மலைப் பீரங்கிகளுக்கு உண்டு. தம்மவர் பதுங்கியிருந்த குழிகளுக்குச் சில கஜ தூரத்தில், அவர்கள் மேல் படாமல் குண்டை இறக்கினார்கள்.

இந்தச் சிறிய மலைப் பீரங்கியில் இந்தியர் இவ்வளவு கைதேர்ந்தவர்களானதற்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைக்குரிய காரணமன்று. 1857 இல் சிப்பாய்களின் கையிலிருந்த பீரங்கிகள் எதிர்த்துத் திரும்பியதைப் பார்த்த அந்நிய சர்க்கார், அதற்குப் பிறகு பீரங்கிப் படையை ஐரோப்பியர் வசமே வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தது. துப்பாக்கி தூக்கலாம், குதிரை ஏறலாம், கடல் கடந்து உயிரை விடலாம். பெரிய பீரங்கியைத் தொடக்கூடாது. கழுதை சுமக்கும் மலைப் பீரங்கிக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு இந்த நிலைமை நீடித்தது. 1935 ஜனவரி 15 ஆம் தேதி பெங்களூரில்தான் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட முதல் பீல்டு பீரங்கிப் படை அமைந்தது. ஒரு சாம்ராஜ்யம் தன் பிரஜைகளை எவ்வளவு தூரம் நம்புகிறது என்று அறிய வேண்டுமானால், எத்தனை ராத்தல் பீரங்கியை அவர்கள் கையில் கொடுக்கிறது என்று பார்த்தால் போதும்!

யுத்தம் வந்தது, ஆள் வேண்டியிருந்தது, எல்லா ஜாதிப் பீரங்கிகளும் இந்தியர் கைக்கு வந்தன. அந்தக் கைகள் சளைக்கவில்லை. டாக்டர் சுப்பராயனின் புதல்வர் குமாரமங்கலம் 1942 இல் லிபியாவில் பீர் ஹக்கீம் பக்கத்தில் இந்தியப் பீரங்கிகளுடன் நின்று போரிட்டுக் கீர்த்திப் பதக்கம் பெற்றார், சிறைப்பட்டார். 1966 இல் சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். பீரங்கிப் படையிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1944 டிசம்பரில் பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கில் ஹவில்தார் உம்ராவ் சிங், தம் மலைப் பீரங்கியை ஜப்பானியர் கைப்பற்ற வந்தபோது, காயங்களுடன், பீரங்கியைத் தூக்கும் இரும்புத் தடியையே ஆயுதமாக எடுத்து அடித்தார். சில மணி நேரம் கழித்துப் பீரங்கியின் பக்கத்தில் நினைவற்றுக் கிடந்தார். அவரைச் சுற்றிப் பத்து எதிரிகள் மாண்டு கிடந்தார்கள். விக்டோரியா சிலுவை அவரைத் தேடி வந்தது.

இவையெல்லாம் நாம் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. பீரங்கி மேட்டில் நமக்கிருந்த சந்தேகம் வேறு. சிலேட்டில் எழுதினோம்: "சத்தம் ரொம்பப் பெரிதாக இருக்குமா?"

பெரியப்பா சிலேட்டைப் பார்த்தார். "ஆரம்பத்தில் இருந்தது. அப்புறம் குறைந்துகொண்டே வந்தது" என்றார். சற்றுப் பொறுத்து, "காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். வைத்தால் உத்தரவு கேட்காது. உத்தரவு கேட்காவிட்டால் குண்டு நம்மவர் தலையில் விழும். அதனால் வைக்கவில்லை" என்றார்.

அந்தக் கணத்தில் பூமி பிளந்து நம்மை விழுங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்! 'டமாரம்' என்ற பட்டம் அன்றோடு ஒழிந்தது. அவர் காதில் அது ஒரு நாளும் விழுந்ததில்லை என்பதுதான் நமக்கிருந்த ஒரே ஆறுதல். சிறிது யோசித்தால், அதுவே பெரிய வேதனை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பியவர். தெருவுக்கெல்லாம் அவர் 'மலாயா மாமா'. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்பதால் சுதந்திர தினத்தன்று அவரைக் கொண்டு கொடியேற்றுவார்கள். இடது கால் சிறிது சாய்த்து நடப்பார். கேட்டால், "ரப்பர் மரத்திலிருந்து விழுந்துவிட்டேன்" என்பார். மாலை வேளையில் அவரும் பெரியப்பாவும் ஒரே திண்ணையில் வெற்றிலைப் பெட்டியை நடுவில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் சொல்வதைச் சிலேட்டில் எழுதிக் காட்டும் குமாஸ்தா உத்தியோகம் நமக்கு.

பீரங்கி மேட்டுக்குப் போய்வந்த சில நாளைக்குப் பின், நம் வாய் சும்மாயிராமல், பெரியப்பாவின் 25 ராத்தல் பீரங்கியைப் பற்றி மாமாவிடம் அளந்துகொண்டிருந்தோம். மாமா வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். "பெரியப்பா கடைசியில் எந்தப் பக்கம் இருந்தார் என்று கேள்" என்றார். எழுதினோம்.

"ஐராவதி தாண்டி, போப்பா மலைப் பக்கம்" என்றார் பெரியப்பா.

"எந்த மாதம்?"

"பங்குனி. நல்ல வெயில்."

நேதாஜியின் படையினர் 1945 இல் அந்தப் போப்பா மலையைச் சுற்றித்தான் கடைசியாகப் போரிட்டார்கள் என்பது அப்போது நமக்குத் தெரியாது. அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். மாமா வெகு நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுது, தம்பி" என்று சொல்லி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். நாமும் எழுத்துப் பிழையில்லாமல், முத்து முத்தாக எழுதினோம்:

"நானும் அங்கேதான் இருந்தேன். எங்களிடம் பீரங்கி இல்லை. உங்கள் பீரங்கியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்."

பெரியப்பா படித்தார். மறுபடியும் படித்தார். சிலேட்டைத் தம் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஐயா" என்றார். அவர் குரல் எப்போதும்போல உரக்கவே இருந்தது. செவிடர்களுக்குத் தங்கள் குரலைத் தாழ்த்தத் தெரிவதில்லை. "நாங்கள் ஐந்து மைலுக்கு இப்பால் இருந்தோம். முன்னால் ஒரு ஆபீசர் குன்றின் மேல் உட்கார்ந்து பார்ப்பார். வயர்லெஸ்ஸில் நம்பர் வரும். நம்பரைத் திருப்பி வைத்துச் சுடுவோம். மனிதனைப் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கத்தில் ஜப்பான்காரன் இருக்கிறான் என்றார்கள்."

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா உள்ளேயிருந்து வாசற்படிக்கு வந்து நின்றுவிட்டாள். மாமா மெதுவாகக் கையை நீட்டிச் சிலேட்டை வாங்கினார். நம்மை எழுதச் சொல்லவில்லை, தாமே எழுதினார். "எல்லாம் எங்கள் தலைக்கு மேலாகப் போய்விட்டது." பெரியப்பா அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு அவருடைய இடது காலைப் பார்த்தார். இருவரும் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மாமா வெற்றிலையை மடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தார். பெரியப்பா வாங்கிக்கொண்டார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் தரையில் நின்றுதான் வெட்டுகிறார்கள். மரத்தில் யாரும் ஏறுவதில்லை என்பது நமக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது.

1947 இல் தேசத்தைப் பிரித்தபோது பாத்திரம் பண்டங்களைப்போலப் பீரங்கிகளையும் பங்கு போட்டார்கள். ஒரே உத்தரவுக்கு ஒரே திசையில் சுட்டவர்கள் இரண்டு சைனியமானார்கள். அந்த வருஷமே காஷ்மீரில் சண்டை மூண்டது. இரண்டு சைனியத்திடமும் இருந்தது அதே 25 ராத்தல் பீரங்கி. அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்த அன்று பெரியப்பா சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஹிந்துஸ்தானி கற்றுக்கொடுத்த சிநேகிதர் ராவல்பிண்டிக்காரராம்.

1960 இல் பெரியப்பாவின் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. நல்ல நாகஸ்வரம், நல்ல தவில். ஊரே தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா மட்டும் பந்தற்காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தவில் அதிரும்போது கம்பத்தில் அதிர்வு தெரியும் என்று பிறகு நம்மிடம் சொன்னார். பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும் நேரம் வந்தது. புரோகிதர் கையைத் தூக்கினார். கெட்டி மேளம் முழங்கியது. கூட்டம் மறைத்ததால் பெரியப்பாவுக்கு மேடை தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற மலாயா மாமா, அவர் தோளில் கையை வைத்து ஒரு முறை அழுத்தினார். பெரியப்பா உடனே அட்சதையை வீசினார். சரியான கணத்தில், சரியான இடத்தில் போய் விழுந்தது.